பெட்டியின் அடியில் ஒட்டிய சீட்டு

ஜனவரி 12

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் சுகம் எப்படி? உப்புக் காற்று உன் தலையில் மிச்சமிருக்கும் நாலு முடியையாவது விட்டுவைத்திருக்கிறதா? கப்பலில் மின்சார வேலை பார்க்கிறவன் தொப்பி போட்டுக்கொள்ளலாம், யாரும் வேலையை விட்டு எடுத்துவிட மாட்டார்கள்.

இங்கே ஒரு கூத்து. அத்தானின் பேசும் பெட்டியில் ஒரு பொத்தான் சிக்கிக்கொண்டே இருந்ததால் பழுது பார்க்கும் கடையில் கொடுத்தேன். கடைக்காரர் நல்ல மனிதர். நல்லது செய்வதாக நினைத்துச் செய்துவிட்டார். "பொத்தானோட விடலம்மா, உள்ள எல்லாத்தையும் அப்டேட் பண்ணிப் புதுசாக்கிட்டேன். அதுக்குத் தனியா காசு வேணாம்" என்றார். நானும் வாயெல்லாம் பல்லாக நன்றி சொல்லி வாங்கி வந்தேன். அத்தான் உட்கார்ந்து முதல் வரியைத் தட்டினார். வந்தது அவர் குரல் இல்லை.

தொண்டை ஆபரேஷனுக்கு அப்புறம் இந்த மூன்று வருஷமாக அவர் தட்டுவதைப் பெட்டிதானே வாய்விட்டுச் சொல்கிறது! அந்தப் பழைய குரல் ஒன்றும் தேன் இல்லை. ஜலதோஷம் பிடித்த தலைமையாசிரியர் மாதிரி இருக்கும், மூச்சு விடக் கூடாத இடத்தில் மூச்சு விடும். ஆனாலும் அது அவர் குரல். உன் மருமகள் வாண்டு பேச்சு வந்த நாளிலிருந்து கேட்டது அதைத்தான். இப்போது பெட்டிக்குள் செய்தி வாசிக்கிற இளைஞன் ஒருவன் குடியேறியிருக்கிறான். வழவழவென்று பேசுகிறான். வாண்டு கட்டிலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அம்மா, இந்த அண்ணன் யாரு? எப்பப் போவாரு?" என்கிறாள்.

நான் சும்மா இருப்பேனா? இணையத்தில் ஆட்கள் ஒருவருக்கொருவர் இந்த மாதிரிக் கருவிகளுக்கு உதவி கேட்கும் பக்கம் ஒன்று இருக்கிறது. தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் உட்கார்கிறவள் எழுத வேண்டிய முறைப்படி எழுதினேன். மேலே அனுப்புநர் பெயர், வீட்டு எண், தெரு, அஞ்சல் எண். கீழே, "என் கணவரின் குரல் திடீரென்று மாறிவிட்டது. பழைய குரல் திரும்ப என்ன செய்ய வேண்டும்?" பதில்கள் கொட்டின. உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னவர்களே பாதிப் பேர். மீதிப் பேர் தேனும் மிளகும். ஒரு புண்ணியவதி மட்டும், "அக்கா, முதல்ல உங்க வீட்டு விலாசத்தை அழிங்க. அப்புறம் என்ன வெர்ஷன்னு சொல்லுங்க" என்றாள். விலாசத்தை அழித்தேன். வெர்ஷனுக்கு என்ன எழுதுவது? கட்டிய கணவனுக்கு வெர்ஷன் உண்டா?

அத்தான் நலம். பதில் போடு.

அக்கா


பிப்ரவரி 5

அன்பு அக்காவுக்கு,

நான் சுகம். நாலு முடியில் மூன்று இன்னும் வேலையில் இருக்கின்றன. துறைமுகத்தில் உன் கடிதம் கிடைத்தது. படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் எனக்கு இருமல் வந்து, கப்பல் சமையல்காரர் எனக்கே உப்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். இங்கே இணையம் குதிரைக் கொம்பு. தபால் ஆபீஸ்காரியின் தம்பிக்குத் தபால்தான் கதி.

கோபப்படாமல் கேள். உன் கவுன்ட்டருக்கு ஒருவர் வந்து, "என் பார்சல் வரலை" என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றால் நீ என்ன கேட்பாய்? எந்தப் பார்சல், அதன் எண் என்ன, எங்கே போட்டது என்று கேட்பாய். அதைச் சொல்லாதவரை நீ ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போட முடியாது. வெர்ஷனும் அப்படித்தான். பெட்டிக்குள் ஓடும் மென்பொருளுக்கு ஓர் எண் இருக்கும். புதுப்பிக்கும்போதெல்லாம் எண் மாறும், சில சமயம் குணமும் மாறும். அதனால் உதவி கேட்கும்போது மூன்றைச் சொல். இப்போது என்ன இருக்கிறது, கடைசியாக எது சரியாக வேலை செய்தது, நடுவில் என்ன நடந்தது. வீட்டு விலாசம் வேண்டாம் தாயே.

இன்னொன்று. உன் கடிதத்தின் கடைசியில் எப்போதும் அத்தான் என்னைக் கிண்டல் செய்கிற வரி ஒன்று இருக்கும். "கப்பல் மூழ்கினா உங்க தம்பி முதல்ல சீப்பைக் காப்பாத்துவான்" என்கிற மாதிரி. இந்தத் தடவை அதைக் காணோம். எழுத மறந்துவிட்டாயா?

வாண்டுக்கு மாமாவின் முத்தம்.

தம்பி


பிப்ரவரி 24

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் சுகம். உன் மூன்று முடிக்கும் நீண்ட ஆயுள் கிடைக்கட்டும்.

நீ சொன்னபடியே செய்தேன். பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது, அதில் 300 என்று அச்சடித்திருந்தது. "பேசும் பெட்டி, வெர்ஷன் 300, போன மாதம் வரை நன்றாகப் பேசியது, கடையில் புதுசாக்கினார்கள்" என்று எழுதினேன். எவ்வளவு சுத்தமாக எழுதியிருக்கிறேன் பார். ஒருவர் உடனே வழி சொன்னார், இதைத் தட்டு, அதைத் தட்டு, பிறகு இதைத் தேர்ந்தெடு என்று. செய்தேன். செய்தி வாசித்த இளைஞன் போய்விட்டான். அவன் இடத்துக்கு ஒரு சின்னப் பெண் வந்தாள். ரயில் கிளம்பிவிட்ட மாதிரி மூச்சிரைக்க ஓடுகிறாள். அத்தான் "தண்ணீர் வேண்டும்" என்று தட்ட, அவள் கீச்சென்று கத்தினாள். வாண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அத்தான் எழுந்து உள்ளே போய்விட்டார்.

அப்புறம் அந்தப் பக்கத்தில் வேறொருவர், "300ன்னு வெர்ஷனே கிடையாதே, நீங்க எதைப் பாத்துச் சொல்றீங்க?" என்று மடக்கினார். நான் என்ன கண்ணை மூடிக்கொண்டா படித்தேன்? எழுதியிருந்ததைத்தானே சொன்னேன். போங்கப்பா என்று விட்டுவிட்டேன்.

தபால் ஆபீஸில் கவுன்ட்டருக்குப் புது நாற்காலி வந்திருக்கிறது. சுழலும். வரிசையில் நிற்பவர்களுக்கு முதுகைக் காட்டிவிடுவேனோ என்று பயந்து பயந்து உட்கார்கிறேன்.

அத்தான் நலம். மூக்குக் கண்ணாடிக் கடை வேலைக்குத் தவறாமல் போய் வருகிறார்.

அக்கா


மார்ச் 18

அன்பு அக்காவுக்கு,

சுகம். கடல் இந்த மாதம் கொஞ்சம் கோபமாக இருக்கிறது. நான் பாத்திரங்களோடு சேர்ந்து உருண்டுகொண்டிருக்கிறேன்.

அந்தச் சீட்டில் இருப்பது பெட்டியின் மாடல் எண். வெர்ஷன் உள்ளே இருக்கும். உன்னைக் குற்றம் சொல்ல மாட்டேன், நீ பிறவித் தபால்காரி. உறையின் மேல் இருப்பதைத்தான் படிப்பாய், பிரித்துப் பார்ப்பது உனக்குப் பாவம். கடிதத்துக்கு அந்தத் தர்மம் சரி, பெட்டிக்கு வேண்டாம். பிரி அக்கா. 'அமைப்புகள்' என்ற பக்கத்தைத் திற. கீழே, இன்னும் கீழே, அடிமட்டம் வரை போ. 'கருவி பற்றி' என்று பொடி எழுத்தில் இருக்கும். இப்போதைய எண், முந்தைய எண், பழைய குரல் எது என்பதெல்லாம் அங்கே இருக்கும்.

அத்தான் என்ன சொன்னார்? இந்தத் தடவையும் ஒரு வரி இல்லை. "அத்தான் நலம்" என்று எழுதுகிறாய். அது பெட்டியின் அடியில் ஒட்டிய சீட்டு மாதிரி இருக்கிறது. படித்துவிட்டேன். உள்ளே என்ன இருக்கிறது?

தம்பி


ஏப்ரல் 6

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் நலம். நலம் என்றால் நலம்தான், அதற்கெல்லாம் வெர்ஷன் கிடையாது. நடுக்கடலில் உட்கார்ந்துகொண்டு எங்கள் வீட்டைக் குடையாதே.

பெட்டியை அலமாரியில் வைத்துவிட்டோம். வீட்டில் பென்சிலும் காகிதமும் இருக்கின்றன. அது போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மே 14

அன்பு அக்காவுக்கு,

நான் நலம். வேலை அதிகம், அதனால்தான் இவ்வளவு தாமதம். கோபம் தீரவில்லை என்றால் மெதுவாகத் தீரட்டும், அவசரமில்லை. இனிமேல் குடைய மாட்டேன். வாண்டு எப்படி இருக்கிறாள் என்று மட்டுமாவது எழுது.

தம்பி


ஜூன் 3

தம்பி,

நலம் என்று எழுதியிருக்கிறாய். நான் உறையைப் படித்தேன். விலாசம் வேறு யாரோ எழுதியது. உன் கையெழுத்து மேட்டில் ஏறும் மாடு மாதிரி மேலே மேலே போகும், இது சமதரையில் நடக்கிறது. உள்ளே இருப்பது உன் எழுத்துதான், ஆனால் இடது கையால் எழுதியிருக்கிறாய். எழுதிய வரியின் மேலேயே கை போய் மையெல்லாம் இழுபட்டிருக்கிறது. நாளெல்லாம் உறைகளோடு குடித்தனம் நடத்துகிறவளிடம் இந்தப் பருப்பு வேகாது. வலது கைக்கு என்னடா ஆச்சு? இப்போது எப்படி இருக்கிறது, கடைசியாக எப்போது சரியாக இருந்தது, நடுவில் என்ன நடந்தது? மூன்றுக்கும் எனக்குப் பதில் வேண்டும்.

உன்னைப் பிரிக்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் ஒட்டிவைத்திருப்பது நியாயமில்லை. இதோ என் பங்கு.

கடைசியாகச் சரியாக இருந்தது, பெட்டியைக் கடைக்குக் கொடுத்த அன்று காலை. அத்தான் வாண்டுக்கு யானைக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். பெட்டி எந்த இடத்தில் தப்பாக மூச்சு விடுமோ அந்த இடத்தில் அவளும் மூச்சு விட்டு, கூடவே சொன்னாள். கண்ணாடிக் கடையில் முன்பக்கம் அவர் இடம். வருகிறவர்கள் கண்ணுக்குக் கண்ணாடிச் சில்லை மாற்றி மாற்றிப் போடுவார், "இதுல தெளிவா, அதுல தெளிவா?" என்று பெட்டி கேட்கும். பிள்ளைகள் அந்தக் குரலைக் கேட்கவே கண்ணைச் சுருக்கிக்கொண்டு வருவார்கள்.

நடுவில் நடந்தது உனக்குத் தெரியும்.

இப்போது இருப்பது இது. அவர் பேசுவதில்லை. பென்சிலும் காகிதமும் என்று எழுதினேனே, அந்தப் பென்சில் சீவியது சீவியபடி இருக்கிறது. ஆமாம், இல்லை இரண்டையும் தலையாலேயே முடித்துக்கொள்கிறார். கடையில் அவராகவே கேட்டுப் பின்னறைக்குப் போய்விட்டார். சில்லு தேய்க்கும் வேலை, அங்கே யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. வாண்டு பொம்மைகளை வரிசையாக உட்காரவைத்து யானைக் கதை சொல்கிறாள், அவருடைய பழைய குரலில், அதே ஜலதோஷத்தோடு. அவர் கதவோரம் நின்று கொஞ்சம் கேட்டுவிட்டுப் போய்விடுகிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. இப்படியே இருந்து பழகிவிடுவாரோ, நாங்களும் பழகிவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது. இதற்குத்தான் நான் நலம் என்று பெயர் வைத்திருந்தேன்.

உன் இடது கைக் கடிதம் வந்த அன்று சாயங்காலம் அவர் எதிரில் போய் உட்கார்ந்தேன். "புதுக் குரலுக்கு மெல்லப் பழகிக்கலாம்னு நினைச்சேன். உங்களுக்கு மனசுல என்ன இருக்குன்னு நான் கேக்கவே இல்ல. இப்பக் கேக்குறேன், சொல்லுங்க" என்றேன். சீவி வைத்திருந்த பென்சிலைக் கையில் எடுத்தார். அப்புறம் எழுதினார்: "அந்தக் குரல் என்னோடதுன்னு நான் நம்பவே ஒரு வருஷம் ஆச்சு. பாப்பா அதைக் கேட்டுத்தான் அப்பான்னு ஓடி வருவா. எனக்கு ரெண்டாவது தடவையா தொண்டை போயிடுச்சு."

நான் அழுதேன். அவரும் அழுதார். அழுது முடித்து, அலமாரியைத் திறந்து பெட்டியை எடுத்து, இரண்டு பேருமாக நீ சொன்ன அடிமட்டம் வரை போனோம். பொடி எழுத்தில் இருந்தது. இப்போது 5.0. முன்பு 4.1. முன்பிருந்த குரல், இரண்டு. அத்தான் தன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். இதை ஓர் எழுத்து பிசகாமல் அந்தப் பக்கத்தில் எழுதிவிட்டேன். சீட்டைப் பார்த்து 300 என்று சொன்னது தப்பு என்றும் எழுதினேன்.

கையைப் பற்றி உடனே எழுது. இல்லையென்றால் உன் கப்பலின் கேப்டனுக்குப் பதிவுத் தபால் அனுப்புவேன்.

அக்கா


ஜூன் 27

அன்பு அக்காவுக்கு,

மாடு மறுபடி மேடு ஏறுவதைப் பார். வலது கையால்தான் எழுதுகிறேன்.

இப்போது இருப்பது: கட்டுப் பிரித்தாயிற்று, விரல்கள் மடங்குகின்றன, திருப்புளி பிடிக்க முடிகிறது. கடைசியாகச் சரியாக இருந்தது: உன்னுடைய கோபக் கடிதம் கைக்கு வந்த அன்று. நடுவில் நடந்தது: என்ஜின் அறையில் கப்பல் ஒரு பக்கம் சாய, விழாமல் இருக்க எதையோ பிடித்தேன். பிடித்தது கொதிக்கிற குழாய். உள்ளங்கை வெந்துபோனது. விலாசத்தைச் சமையல்காரரிடம் எழுதி வாங்கினேன், நீ கண்டுபிடிக்க மாட்டாய் என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்ல. வலியைவிட, அதை யாரிடமும் சொல்லாமல் இருந்ததுதான் பெரிய பாடாக இருந்தது. நீ அதட்டிக் கேட்டதும் பாதி சரியாகிவிட்டது.

அத்தானிடம் ஒன்று சொல். என்னைக் கிண்டல் செய்ய ஆளில்லாமல் முடி வளர ஆரம்பித்துவிட்டது. அது யாருக்கும் நல்லதில்லை.

பக்கத்தில் பதில் வந்ததா? வந்த உடனே எழுது.

தம்பி


ஜூலை 20

அன்புத் தம்பிக்கு,

உள்ளங்கைக்கு மருந்து தடவுவதை நிறுத்தாதே. தழும்பு இருந்தால் இருக்கட்டும், விரல்கள் மடங்குவதுதான் முக்கியம்.

பதில் வந்தது! 'பழைய இரும்பு' என்று தனக்குப் பெயர் வைத்துக்கொண்டிருக்கும் ஒருவர் எழுதினார். அப்படியே தருகிறேன்: "உங்க முதல் பதிவுக்கு உப்புத் தண்ணி கொப்பளிக்கச் சொன்னதுல நானும் ஒருத்தன், மன்னிச்சுக்கங்க. ரெண்டாவதா 300ன்னு போட்டதைப் பாத்துட்டுப் புரியலைன்னு கடந்து போயிட்டேன். இப்ப 4.1, குரல் ரெண்டுன்னு போட்டிருக்கீங்க. அது எங்க அப்பா பேசின குரல்."

அவருடைய அப்பாவும் நம் அத்தானைப் போலத்தானாம். போன வருஷம் காலமாகிவிட்டார். பெட்டியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டாலும் குரலை மட்டும் அழிக்க மனம் வராமல் தன் கணினியில் எடுத்து வைத்திருக்கிறார். 5.0 வந்ததும் பெட்டி செய்கிறவர்கள் அந்தக் குரலை நிறுத்திவிட்டார்களாம். பழைய 4.1-க்குத் திரும்புவதற்குத் தடையில்லை, ஆனால் குரல் எங்கும் கிடைக்காது. அது 4.1-இல் மட்டும்தான் பேசும். நாங்கள் எண்ணைச் சொல்லியிருக்காவிட்டால், தன்னிடம் இருப்பதுதான் எங்களுக்கு வேண்டியது என்று அவருக்குத் தெரிந்திருக்கவே வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் வாசிக்க, அத்தான் தட்டினார். கடைசியில், இனிமேல் பெட்டி தானாகப் புதுசாகாதபடி பூட்டவும் சொல்லிக் கொடுத்தார்.

முடிந்ததும் அத்தான் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். வாண்டு பக்கத்து அறையில் பொம்மைகளோடு இருந்தாள். அவர் தட்டினார். ஜலதோஷம் பிடித்த தலைமையாசிரியர் வாயைத் திறந்தார்: "கப்பல்ல இருக்கிற மொட்டைக்கு... முடி வளருதாம், நம்ப... வேண்டாம்."

பக்கத்து அறையில் பொம்மைகள் சரிந்து விழும் சத்தம் கேட்டது. "அம்மா! அப்பா வந்துட்டாரு!" என்று கத்திக்கொண்டே வந்து அவர் மடியில் பெட்டிமேலேயே ஏறி உட்கார்ந்தாள். பெட்டி அதன் பிறகு என்னென்னவோ உளறியது, யார் கேட்டார்கள்!

திங்கட்கிழமை அவர் கடையில் முன்பக்கத்துக்குத் திரும்பிவிட்டார்.

பழைய இரும்பு ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறார். அவரிடம் அப்பாவின் பேச்சுப் பதிவுகள் கொஞ்சம் இருக்கின்றனவாம், எல்லாம் மனப்பாடமாம். "அந்தக் குரல் புதுசா ஏதாவது ஒரு வார்த்தை சொல்றதைக் கேக்கணும் போல இருக்கு. உங்க வீட்டுக்காரரை என்ன வேணா சொல்லச் சொல்லி அனுப்புவீங்களா?" என்று கேட்டார். அத்தான் ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறார். என்ன அனுப்புகிறார் என்பதை அவரே உனக்கு எழுதுவாராம்.

நாங்கள் நலம். இந்தத் தடவை பிரித்துப் பார்த்துவிட்டே எழுதுகிறேன்.

அக்கா


ஆகஸ்ட் 9

அன்பு மச்சானுக்கு,

நான் சுகம். உங்கள் கை மடங்குகிறதா, தலை மினுங்குகிறதா?

உங்கள் அக்கா சொன்னபடி இதை நானே எழுதுகிறேன். அந்த மனிதருக்கு முதலில் நீளமாக ஒரு நன்றி உரை தட்டினேன். நல்ல நல்ல வார்த்தைகளாகப் போட்டிருந்தேன். ஒரு தடவை பேசவிட்டுக் கேட்டேன். நானே கொட்டாவி விட்டேன். அழித்துவிட்டேன். மறுபடி தட்டினேன், மறுபடி அழித்தேன். அவருக்கு வேண்டியது என் நன்றி இல்லை என்று தோன்றியது.

நேற்று வாண்டு பள்ளியிலிருந்து வந்து பையை வீசினாள். நான் வழக்கமாகத் தட்டுவதைத் தட்டினேன். தட்டியதும், அனுப்ப வேண்டியது இதுதான் என்று புரிந்தது. அதையே பதிவு செய்து அனுப்ப உங்கள் அக்காவிடம் சொன்னேன். வேறெதுவும் சேர்க்கவில்லை. பெட்டி வழக்கம்போல் தப்பான இடத்தில் ஒரு மூச்சு விட்டது, அதையும் வெட்டவில்லை.

"வந்துட்டியா... சாப்பிட்டியா?"

இன்று காலை பதில் வந்தது. உங்கள் அக்கா படித்துவிட்டு போனை என்னிடம் நீட்டினார். ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது.

"சாப்பிட்டேன்பா."

அத்தான்